நான் ‘வேண்டாம்’ என்று சொன்ன விவரம்

மயிலாப்பூர்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் செந்தில்குமார் அவர்களுக்கு, உங்கள் தங்கை அன்புச்செல்வியின் கணவன் சண்முகவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் நலம். காட்பாடியில் நீங்களும் மீனாட்சி அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, இதை உங்கள் தங்கை மகள் பொன்மணி பார்த்தால் விடமாட்டாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்குச் சர்க்கரை, மழை வந்தால் சமையலறையில் ஒழுகுகிறது, இதில் நலம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பாள். ஆதாரம் கேட்கிற பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு கடிதத்தைக்கூட நிம்மதியாகத் தொடங்க முடியவில்லை. அதனால்தான் இதை வீட்டில் எழுதாமல் கடையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பட்டுச்சேலைக்குள் வைக்கிற அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். எங்கள் மாடிப் போர்ஷன் உங்களுக்குத் தெரியாததா? நான் பேசுவதும் அவளுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவதும் கேட்கும், நடுவில் அவளும் பேசுவாள். அதுவும் போக, போனில் நீங்கள் எது சொன்னாலும் நான் ‘சரி மச்சான்’ என்றுதான் சொல்வேன். தி.நகர் சேலைக் கடையில் வாழ்நாளெல்லாம் நின்றவனுக்கு வேறு வார்த்தை வராது. இந்தக் கலர் எனக்கு எடுப்பாக இருக்கா என்று கேட்டால் சரி. போன மாசம் கட்டின சேலையை இன்றைக்கு மாற்றிக் கொடு என்றால் சரி. அடுக்கின் அடியில் இருப்பதுதான் வேண்டும் என்று சொல்லி, மேலே இருக்கிற அத்தனையையும் பிரித்துப் போடவைத்து, கடைசியில் முதலில் காட்டினதே தேவலை என்றால் அதற்கும் சரி. எதிரில் ஆள் இல்லாமல் காகிதம் மட்டும் இருந்தால்தான் எனக்கு ஒரு வாக்கியத்தை முழுதாக முடிக்க வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பொன்மணிக்கு ஜோத்பூரில் இருக்கிற தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமைக்குள் ஆன்லைனில் சம்மதம் என்ற பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வர வேண்டும். வந்து, தாய்மாமன் என்கிற முறையில், “இங்கேயே மெட்ராஸில் படிம்மா” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். கடிதம் இவ்வளவுதான். மீதியெல்லாம் இது ஏன் என்பதற்கான விளக்கம். கோரிக்கையை முதலில் வைத்துக் காரணத்தைப் பின்னால் சொல்ல வேண்டும் என்பதும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். அவளுக்கு எதிரான மனுவையே அவள் சொன்னபடி எழுதுகிற நிலையில் இருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் உங்கள் பங்கும் இருக்கிறது. காது குத்துக்கு உங்கள் மடியில் உட்காரவைத்தோம். மற்றப் பிள்ளைகள் ஊசியைப் பார்த்ததும் அழும். இவள் ஆசாரியின் கையைப் பிடித்து நிறுத்தி “ஏன்?” என்று கேட்டாள். பதில் வரத் தாமதமானதும் உங்கள் கையைக் கடித்தாள். நீங்கள் கையை உதறிக்கொண்டே, இவள் வக்கீலாகத்தான் வருவாள் என்றீர்கள். வேலூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறவர் வாயில் வேறு என்ன வரும் என்று நாங்களும் சிரித்தோம். அதோடு நிறுத்தினீர்களா? அடுத்த லீவுக்கு வந்தபோது உங்கள் வக்கீல் ஐயா கழற்றிப் போட்ட வெள்ளைக் கழுத்துப் பட்டையைக் கொண்டுவந்து அவளுக்கு விளையாடக் கொடுத்தீர்கள். மற்ற வீட்டில் பிள்ளைகள் டாக்டர் ஊசி வைத்து விளையாடின. இவள் பாவாடை சட்டைக்கு மேல் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினாள். கூண்டு என்றால் எங்கள் துணி காயப்போடுகிற ஸ்டாண்டு.

அன்று விளையாட்டு. போன வருஷம் நுழைவுத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்ததும் அது நிஜமாகிவிட்டது. ஒருநாள் தேங்காய்ச் சட்னி கிண்ணம் காலியாக இருந்தது. உங்கள் தங்கை வழக்கம்போல என்னைப் பார்த்தாள். நானும் வழக்கம்போல ‘சரி, நான்தான்’ என்று ஒத்துக்கொண்டேன். பொன்மணி விடவில்லை. விசாரிக்காமல் எப்படி ஒத்துக்கொள்ளலாம் என்று என்னைத் திட்டினாள். அப்புறம் அம்மாவைக் கேள்வி கேட்டாள். சட்னி கடைசியாக யார் கையில் இருந்தது, உப்புப் பார்க்கிறேன் என்று எத்தனை கரண்டி போனது என்றெல்லாம் கேட்டதில், அரைத்தவளே முக்கால்வாசியை ருசி பார்த்துத் தீர்த்த விஷயம் வெளியே வந்துவிட்டது. உங்கள் தங்கை, சரி போ, நானே என்னை மன்னித்துக்கொள்கிறேன் என்றாள். அதுவும் செல்லாதாம். தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாதாம். அது எந்த ஊர் கோர்ட்டுக்கும் பொதுவான விதியாம். இட்லி ஆறிப்போனது.

என்னையும் படிக்கவைத்தாள் மச்சான். சமையல் முடிகிற வரைக்கும் என்னை உட்காரவைத்து மாதிரிக் கேள்வி கேட்பாள். ஒருவர் தன் நாயைக் கட்டிப்போடவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சுவர் ஏறிக் குதித்தார், நாய் கடித்துவிட்டது, யார் பொறுப்பு, நாலு விடை இருக்கிறது, ஒன்றைச் சொல் என்பாள். கடிபட்டவருக்கு ஊசி போட்டார்களா என்று கேட்டேன். நாலில் அது இல்லையாம். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டேன். அதுவும் இல்லையாம். ரெண்டு பேரும் அக்கம்பக்கம்தானே, பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றேன். புத்தகத்தை மூடிவிட்டு என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். எனக்கு மார்க் கிடைத்ததா இல்லையா என்று இன்று வரை தெரியவில்லை.

கீழே இருக்கிற ஹவுஸ் ஓனர் பட்டாபிராமன் சாரை உங்களுக்குத் தெரியும். காலையில் மட்டும்தான் மோட்டார் போடுவார். சாயங்காலம் மேலே சொட்டுத் தண்ணீர் வராது. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து குடம் குடமாகப் பிடித்து வைத்துச் சமாளித்துவந்தோம். பொன்மணி ஒரு வெள்ளைத் தாளில் அழகான இங்கிலீஷில் அவருக்கு ஒரு நோட்டீஸ் எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டாள். எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று, எந்தப் பக்கம் வாடகை மலிவு என்று கடையில் விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டேன். அவர் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். “சண்முகவேல், உங்காத்துப் பொண்ணு எனக்கு நோட்டீஸ் குடுத்திருக்கா. ரிட்டயர் ஆனதுக்கப்பறம் பில்லு, பத்திரிகை தவிர எனக்குன்னு வந்த மொத லெட்டர் இதுதான். ஒரு தப்புக்கூட இல்லாம எழுதியிருக்கா” என்றார். இப்போது சாயங்காலமும் மோட்டார் ஓடுகிறது. அவர் வாங்குகிற இங்கிலீஷ் பேப்பர் தினமும் மாடிக்கு வருகிறது, மடிப்பு கலையாமல் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. கோச்சிங் சென்டருக்கு அனுப்ப எங்களால் முடியவில்லை. அந்தப் பேப்பரைப் படித்துத்தான் அவள் தேர்வுக்குத் தயாரானாள்.

அவளோடு சேர்ந்து படித்தது ரூபீனா. எங்கள் கடை வாசலில் மெஷின் போட்டுச் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிற பீர் முஹம்மது பாயின் பெண். ரெண்டும் ஒரே ஸ்கூல். பாய் நல்ல மனுஷன். அவரும் என் மாதிரிதான், வாடிக்கையாளர் எந்தக் கலர் நூல் சொன்னாலும் தலையாட்டுவார். எங்கள் ரெண்டு பேருக்கும் எப்படி இப்படிப் பிறந்தன என்று டீ குடிக்கும்போது பேசிக்கொள்வோம்.

தேர்வுக்கு முந்தின நாள் நடந்ததை நீங்கள் முழுதாகக் கேட்கவில்லை. உங்கள் தங்கை போனில் பாதிதான் சொன்னாள், மீதிப் பாதி அவள் குழைத்த மஞ்சள் என்பதால். ஹால் டிக்கெட்டைக் கலரில் பிரிண்ட் எடுத்துவந்து வைத்திருந்தாள் பொன்மணி. நம் வீட்டில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஸ்கூட்டர் சாவி வரைக்கும் வடபழனி முருகன் காலடியில் வைக்காமல் எதுவும் நடந்ததில்லை. இது மட்டும் என்ன மட்டமா? உங்கள் தங்கை மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்துக் கொடுத்தாள். நான் வாங்கி நாலு மூலையிலும் வைத்தேன். முகூர்த்தப் பட்டுக்கு மஞ்சள் வைத்துக் கொடுத்துப் பழகிய கை, கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டது. ஒரு மூலையில் கறுப்புப் புள்ளிகளாக ஒரு சதுரம் இருந்தது. அது எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. மூலை என்று ஒன்று இருந்தால் அதில் மஞ்சள் வைப்பதுதானே முறை? கோயிலில் வைத்து எடுத்து, நன்றாகக் காயவைத்து, மடித்து அவள் பையில் வைத்தேன்.

மறுநாள் தேர்வு மையத்து வாசலில் பையன்களும் பெண்களும் வரிசையாக நின்றார்கள். ஒரு மேடம் கையில் ஒரு சின்ன மெஷினை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் ஹால் டிக்கெட்டிலும் அந்தக் கறுப்புச் சதுரத்தைக் காட்டி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். பொன்மணியின் முறை வந்தது. மெஷின் சத்தம் போடவில்லை. திருப்பிக் காட்டினார், துடைத்துக் காட்டினார். துடைத்ததில் மஞ்சள் அந்தச் சதுரம் முழுக்கப் பரவியது. சரி, நம் பெண்ணுக்குத்தான் இந்தக் கதி என்று பார்த்தால், அடுத்து நின்ற ரூபீனாவுடையதும் படிக்கவில்லை. பாய் எனக்குச் சளைத்தவரா? மவுண்ட் ரோடு தர்காவுக்குக் கொண்டுபோய்ச் சந்தனம் தடவி வாங்கிவந்திருக்கிறார். அதுவும் சரியாக அதே மூலையில். ஞாயிற்றுக்கிழமை, சுற்றுவட்டாரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை திறக்கவில்லை. மெஷின் படிக்காவிட்டால் அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை என்று அந்த மேடம் சொல்லிவிட்டார். ஒரு வருஷப் படிப்பு மச்சான், என் விரல் நுனியில் இருந்த மஞ்சளில் போய்விட்டது. நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ரெண்டு கையையும் கூப்பிக்கொண்டு, தப்புதாம்மா, மன்னிச்சுடுங்கம்மா என்று ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் பாயும் கூப்பிவிட்டார்.

பொன்மணி என் பக்கம் திரும்பி, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “நைனா, கைய எறக்கு” என்றாள்.

இறக்கிவிட்டேன். அவள் அந்த மேடத்திடம் பேசினாள். குரல் உயரவில்லை, கெஞ்சவும் இல்லை. “மேடம், ரூல்ஸ் பின்னாடி இருக்குது. போட்டோ தெரியணும், நம்பர் தெரியணும், கையெழுத்து இருக்கணும். மூணும் இருக்குது. மெஷின் படிக்கலன்னா உள்ள விடக் கூடாதுன்னு எங்கயும் போடல. நீங்க நம்பர அடிச்சுப் பாத்துக்கலாம்” என்றாள். மேடம் தாளைத் திருப்பிப் படித்தார். அதற்குள் வரிசையில் பின்னால் ஒரு பையன் தன்னுடையதை நீட்டினான், அதில் திருநீற்றுப் பட்டை. அவனுக்குப் பின்னால் நின்ற பெண்ணின் தாள் பெசன்ட் நகர் மாதா கோயில் எண்ணெயில் ஊறிக் கண்ணாடி மாதிரி இருந்தது. பொன்மணி அவர்களையும் முன்னால் கூப்பிட்டாள். எல்லாருக்கும் சேர்த்தே கேட்கிறேன் என்றாள். கடைசியில் அந்த மேடம் சாமி கும்பிட்டவர்களுக்கு என்று தனி வரிசை போட்டு, ஒவ்வொரு நம்பராகத் தட்டிப் பார்த்து உள்ளே விட்டார். ரூபீனா உள்ளே போகிறவரைக்கும் இவள் போகவில்லை.

எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் பெருமையாக இருந்தது. பாய் வெளியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, “நம்ப ரெண்டு பேரும் கும்புட்டே காலத்த ஓட்டிட்டோம்பா” என்றார். இந்த ஒன்றை நினைத்துப் பார்த்தால் அவள் வக்கீலுக்குப் படிக்க வேண்டியவள்தான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. எங்கே படிப்பது என்பதில்தான் பிரச்சினை.

ரிசல்ட் வந்தது. நம் பெண் நல்ல ரேங்க். ரூபீனா கொஞ்சம் பின்னால். இனிமேல்தான் எனக்குப் புரியாத கணக்கு. கொஞ்சம் பின்னால் வந்த ரூபீனாவுக்குத் திருச்சி, முன்னால் வந்த என் பெண்ணுக்கு ராஜஸ்தான். ரெண்டும் நல்ல இடம்தான் என்கிறார்கள். ஆனால் நன்றாக எழுதினால் வீட்டுக்குப் பக்கத்தில் தருவதுதானே நியாயம்? நன்றாகப் படித்ததற்கு ஊரைவிட்டுத் துரத்துவதைப் பரிசு என்று எந்தச் சட்டத்தில் சொல்கிறார்கள்? ஜோத்பூர் என்றால் எனக்குத் தெரிந்தது பாந்தினிச் சேலை. துணியை முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள், அவிழ்த்தால் புள்ளி புள்ளியாக வரும். நல்ல சேலைதான், நானே எவ்வளவோ பேருக்கு எடுத்துப் போட்டிருக்கிறேன். சேலை அங்கிருந்து இங்கே வருவது சரி. என் பெண் இங்கிருந்து அங்கே போவதா? வெயில், மணல், மூன்று வேளையும் சப்பாத்தி. பேங்க் லோனுக்குக்கூட அவளே மேனேஜரிடம் போய்ப் பேசிவிட்டு வந்துவிட்டாள், அந்தச் சாக்கும் என் கையில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “ஜோத்பூர் போவட்டுமா நைனா?” என்று கேட்டாள். நான் உடனே சரி என்றேன். “இது கடைல சொல்ற சரி. இது வாணாம். எனக்கு வூட்டுச் சரி வோணும்” என்றாள். உன் இஷ்டம்மா என்றேன். அது பதிலே இல்லையாம். மனசில்லாமல் சொல்கிற சம்மதம் சட்டப்படி சம்மதமே ஆகாதாம். நீயாக யோசித்துச் சொல்கிற வரைக்கும் நான் பட்டனைத் தொட மாட்டேன் என்றாள். யோசித்தேன் மச்சான். நான் யோசித்துப் பதில் சொன்ன கேள்வி என் வாழ்க்கையில் அதிகமில்லை. யோசித்து, “வாணாம்மா. போவாத” என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சமையலறையில் உங்கள் தங்கை கையிலிருந்து கரண்டி கீழே விழுந்தது. இப்போது பொன்மணி எழுந்து நின்று, முதல் காரணம் இது, ரெண்டாவது காரணம் அது என்று என்னைப் பிழிந்து காயப்போடுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி நைனா” என்றாள். எழுந்து போய்த் துணி மடித்தாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வழக்கு இல்லை, வாதம் இல்லை, ஆட்சேபம் இல்லை. செவ்வாய்க்கிழமை சாம்பாரில் உப்பில்லை, பேசாமல் சாப்பிட்டாள். கீரை விற்கிற அம்மா வாடின கட்டைத் தலையில் கட்டினாள், இவள் வாங்கிக்கொண்டு வந்தாள். பட்டாபிராமன் சார்கூட மாடிப்படியில் நின்று, சத்தத்தையே காணோமே, எல்லாரும் க்ஷேமம்தானே என்று கேட்டுவிட்டுப் போனார். இவ்வளவு நிம்மதி எனக்குப் பழக்கமில்லை. இது சும்மா இருக்கிற மௌனமாக எனக்குத் தோன்றவில்லை. அவள் மேல்முறையீட்டுக்குத் தயார் செய்கிறாள். எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கிற ஒரே கோர்ட்டு தாய்மாமன். அதாவது நீங்கள். இன்றோ நாளையோ உங்களுக்குப் போன் வரும். நீங்கள் இளகிய மனசுக்காரர், அவள் மாமா என்று ஆரம்பித்தாலே கவிழ்ந்துவிடுவீர்கள். அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். தாய்மாமனுக்கு என்ன அதிகார வரம்பு என்று அவள் கேட்பாள். மடியில் உட்காரவைத்துக் காது குத்தியவன் என்று சொல்லுங்கள், கையில் பல் பட்ட தழும்பைக் காட்டுங்கள். அதற்கு மேல் ஆதாரம் எதுவும் தேவையில்லை.

வெயில், மணல், சப்பாத்தி என்று எழுதினேன். அதெல்லாம் சும்மா. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். எனக்கு முடியாது என்று சொல்ல வராது, உங்கள் தங்கைக்கு வேண்டும் என்று கேட்க வராது. கேஸ்காரன் பாதி சிலிண்டரைக் கொண்டுவந்து வைத்தால், ஆஸ்பத்திரியில் எங்களைத் தாண்டி வேறு ஆளைக் கூப்பிட்டால், கடையில் தீபாவளிக்கு எல்லாருக்கும் லீவு கொடுத்துவிட்டு என்னை மட்டும் நிற்கச் சொன்னால், எங்களுக்காக வாயைத் திறக்க அவள்தான் இருக்கிறாள். அவள் போய்விட்டால் நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சரி சரி என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். அவளுக்காகப் பயப்படுகிறேன் என்று வெளியில் சொல்கிறேன். பயம் எங்களுக்காகத்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரவும். மீனாட்சி அக்காவுக்கு என் வணக்கம், மாவடு வந்து சேர்ந்தது, அதற்குள் பாதி தீர்ந்தும்விட்டது, யார் தீர்த்தது என்று விசாரிக்க இப்போது ஆள் இல்லை. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். முருகன் எல்லாரையும் நல்லபடி வைத்திருக்கட்டும், இந்தத் தடவை நான் மஞ்சள் பக்கமே போகவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சொல்லுக்கு என்றும் கட்டுப்பட்ட,
சண்முகவேல்.

பி.கு.: சனிக்கிழமை காலை எழுதுகிறேன். நேற்றே கூரியரில் போட்டிருக்க வேண்டியது, கடையில் கூட்டம் அதிகமாகி இந்தக் கடிதம் என் சட்டைப் பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. மச்சான், மேலே எழுதியபடி ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். பிறகு, அவள் கிளம்புகிற அன்று, சென்ட்ரலுக்கு வந்தால் போதும். தாய்மாமன் முறையாகப் பெட்டிக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கிவரவும்.

நடந்தது இதுதான். காலையில் உப்புமா. வாயில் வைத்தால் சப்பென்று இருக்கிறது, உப்பே இல்லை. அவள் தலை குனிந்து தின்றுகொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. ஏம்மா, உப்பில்லை என்று சொல்ல மாட்டாயா, என்மேல் கோபம் இருந்தால் வாதாடு, மாமாவுக்குப் போன் போடு, எதற்கு இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கிறாய் என்று கேட்டேன். மாமாவுக்கு எதற்குப் போன் போட வேண்டும் என்று அவள் நிஜமாகவே புரியாமல் கேட்டாள். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீ இத்தினி வருசத்துல ஒருத்தர்கிட்டயும் வாணாம்னு சொன்னதில்ல நைனா. மொத தபா என்கிட்டதான் சொன்ன. அத நானே ஒடைக்கவா? எனக்கு மனசு வர்ல.”

ஊரில் இருக்கிற அத்தனை பேரிடமும் வாதாடி ஜெயிக்கிற பெண், என் ஒற்றை ‘வேண்டாம்’ உடையக் கூடாது என்று ஒரு வாரமாக உப்பில்லாமல் சாப்பிட்டிருக்கிறாள். நான் அதை மேல்முறையீடு என்று நினைத்து உங்களுக்கு இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன்.

நான் எழுந்து நின்றேன் மச்சான். கோர்ட்டில் நின்றுகொண்டுதான் பேசுவார்கள் என்று தெரியும். கையைக் கூப்பவில்லை. அன்றைக்கு நான் சொன்னது செல்லாது என்றேன். ஏன் என்று கேட்டாள். நீ போனால் நஷ்டம் எனக்கு, அப்படி இருக்கும்போது தீர்ப்பையும் நானே சொன்னால் எப்படி, சட்னி வழக்கில் உன் அம்மாவுக்கு ஒரு சட்டம் எனக்கு ஒரு சட்டமா என்று கேட்டேன். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், நான் விடவில்லை. கேஸ்காரனிடம் நானே பேசிக்கொள்வேன், தீபாவளிக்கு லீவு நானே கேட்பேன், எங்களுக்காக நீ இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எந்த ரூல்ஸிலும் இல்லை என்றேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. உங்கள் தங்கை வந்து வாசலில் நின்று, புதுசாக யாரையோ பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். அப்போ ஜட்ஜ் யாரு என்று பொன்மணி கேட்டதற்கு, “நாந்தான். போய்ட்டு வாடி” என்றாள் உங்கள் தங்கை. அவளும் அந்த வழக்கில் ஒரு கட்சிதான். பொன்மணி கவனித்திருப்பாள், ஆட்சேபிக்கவில்லை.

திரும்பவும் என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “ஜோத்பூர் போவட்டுமா நைனா?”

“சரி.”

“எந்தச் சரி?”

“வூட்டுச் சரி” என்றேன்.

என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அப்புறம் போனை எடுத்து, என் கண் முன்னாலேயே அந்தப் பட்டனை அழுத்தினாள். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். எழுதினதை அடிக்கவோ திருத்தவோ கூடாது, சேர்ப்பதாக இருந்தால் கீழே சேர்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஆமாம், முழுதும் படித்துவிட்டாள். ‘நலம்’ என்ற இடத்தில் மட்டும் ஆதாரம் கேட்டாள்.

அதெல்லாம் முடிந்து, ஆறிப்போன தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு வாய் வைத்தவள், சமையலறைப் பக்கம் திரும்பி, உப்புமாவில் உப்பே இல்லை என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சண்முகவேல்.